ஞானப் பல்லும் அதன் அயற் பல்லும்: பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

அண்மையில் எமக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பத்தவரைக் காண்பதற்காக யாழ்ப்பாணம் சென்றிருந்தோம். அவ்வீட்டின் மூத்த பிள்ளை பல்கலைக்கழக மாணவன், வயது இருபத்தொன்று. விடுமுறைக்கு வந்திருந்த அவன், சூத்தை விழுந்த ஒரு முன்பல்லை அடைப்பிப்பதற்காகப் பல்வைத்தியரிடம் சென்றிருக்கிறான். அவர் தாடை முழுவதையும் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, முன்பல்லை அடைத்துவிடலாம், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கீழ்த்தாடையில் இரு கோடியிலும் உள்ள ஞானப் பற்கள் நேராக முளைக்கவில்லை. இடப்பக்கத்துப் பல் சரிந்துபோய் முன்னாலுள்ள பல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்துவிடுவதைப் பற்றி வீட்டாரோடு யோசித்துக்கொண்டு வாரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நாம் சென்ற வேளையில் வீட்டில் இதுவே பேச்சு. "பிள்ளைக்கு ஒரு நோவும் இல்லை. நோகாத பல்லை எதற்காகக் கழற்ற வேண்டும்?" என்றார் தாயார். அவருடைய தமையனார் அதற்கு ஒத்து ஊதினார். "என்னுடைய ஞானப் பல்லைக் கழற்றிப் பதினொரு வருஷமாகிறது. இன்றைக்கும் முகம் வழிக்கும்போது கீழுதட்டில் ஒரு பாதி என்னுடையது அல்லாதது போலத்தான் இருக்கிறது. விறைப்பு முழுதாகப் போகவே இல்லை. வேண்டாம் தங்கச்சி!" என்றார் அவர்.

அடுக்களையிலிருந்து தேநீர் கொண்டுவந்த சின்னம்மா இதனைக் கேட்டுக்கொண்டு நின்றார். "அண்ணை சொல்லுவது சரி. ஆனால் நான் நோகவில்லை என்றுதான் விட்டுவைத்தேன். முப்பத்தெட்டாம் வயதில் ஓரிரவு முழுவதும் நித்திரையில்லை. போய்ப் பார்த்தால், ஞானப் பல்லில் அல்ல, அதற்கு முன்னாலிருந்த நல்ல பல்லில்தான் சூத்தை. கடைசியில் இரண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்" என்றார்.

ஒரே வீட்டில் இரு சாட்சிகள். இரண்டும் உண்மையான சாட்சிகள். ஆயின் ஒன்றுக்கொன்று எதிரானவை. இளைஞன் எம்மைப் பார்த்தான். நாம் வைத்தியரல்லோம், அன்று எம்மால் உடனே பதில் கூற முடியவில்லை. எனினும் ஊர் திரும்பிய பின்னர் இப்பொருள் பற்றி அறிஞர்கள் கண்டவற்றைத் தேடிப் படித்தோம். பதினேழு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகள் பலவற்றில் என்றேனும் ஒருநாள் எழக்கூடிய கேள்வியாதலின், அறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது நலமென எண்ணுகின்றோம்.

இறுதியாய் வரும் விருந்தாளி

வளர்ந்த மனிதனுக்குப் பற்கள் முப்பத்திரண்டு. அவற்றுள் மேலிரண்டும் கீழிரண்டுமாகக் கடைக்கோடியில் நிற்கும் நான்குமே ஞானப் பற்கள். ஏனைய பற்களெல்லாம் பிள்ளைப் பருவத்திலேயே வந்துவிட, இவை மட்டும் பதினேழு வயதின் பின்னரே பெரும்பாலும் தலைகாட்டுகின்றன. அறிவு முதிரும் வயதில் வருவதால் ஞானப் பல் என்று பெயர் வந்தது. கொரிய மொழியில் இதற்குக் காதற் பல் என்று பெயர். யப்பானியர் இதனைப் பெற்றோர் அறியாப் பல் என்பர். பிள்ளையின் முதற் பல்லைக் கண்டு மகிழும் தாய், இப்பல் முளைப்பதைக் காண்பதில்லையன்றோ!

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தமது விலங்கியல் நூலில் இப்பற்களைப் பற்றிக் குறித்துள்ளார். ஏறக்குறைய இருபது வயதில் இவை தோன்றும் என்றும், எண்பது வயது கடந்த பெண்களுக்குங்கூட மிகுந்த நோவுடன் முளைத்ததுண்டு என்றும் அவர் எழுதினார். எனவே, இத்தொல்லை நம் காலத்துக்குப் புதியதன்று.

இறுதியாய் வரும் விருந்தாளிக்குப் பந்தியில் இடம் கிடைப்பது அரிது. தாடையில் இடம் போதுமாயின் ஞானப் பல் ஏனைய பற்களைப் போலவே நேராக எழுந்து நிற்கும். சிலருக்கு இப்பல் தோன்றுவதேயில்லை. இடம் போதாதவிடத்து அது முரசுக்குள்ளேயோ எலும்புக்குள்ளேயோ சிக்கிக்கொள்ளும். அல்லது பாதி வெளியே தெரிய, பாதி உள்ளே கிடக்கும். சில வேளைகளில் நேரே நிற்கும். சில வேளைகளில் பின்னோக்கிச் சாயும். சில வேளைகளில் படுத்துக் கிடக்கும். கீழ்த்தாடையில் அடிக்கடி காணப்படுவது முன்னோக்கிச் சரிந்து, தன் தலையை அயற் பல்லின் முதுகிலே முட்டிக்கொண்டு நிற்கும் நிலையாகும்.

அயற் பல்லுக்கு நேரும் கேடு

இந்த அயற் பல்லைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. பன்னிரண்டு வயதளவில் முளைப்பதனால் இதனைப் பன்னிரண்டாம் வயதுப் பல் என்றும் கூறலாம். உணவை அரைப்பதில் பெரும்பங்கு கொள்ளும் பற்களுள் இதுவும் ஒன்று. ஞானப் பல் இல்லாமல் வாழ்நாள் முழுவதும் குறையின்றி உண்ணலாம்; இந்தப் பல் போனால் இழப்பு இழப்பே. ஆகவே ஞானப் பல்லைப் பற்றிய வழக்கிலே உண்மையில் காக்கப்பட வேண்டியது ஞானப் பல்லன்று. அதன் அயற் பல்லேயாகும்.

இரு வீடுகளுக்கிடையே ஒரு முடுக்கு இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அங்கே குப்பை சேரும், விளக்குமாறு போகாது, எவரும் எட்டிப் பார்ப்பதுமில்லை. சரிந்த ஞானப் பல்லுக்கும் அயற் பல்லுக்கும் இடையிலுள்ள இடமும் அத்தகையதே. நாம் உண்ணும் சோறும் பாணும் இனிப்பும் அங்கே தங்குகின்றன. பல் துலக்கும் தூரிகையின் மயிர் அவ்விடத்தைத் தொடுவதில்லை. வாயிலுள்ள கிருமிகள் அங்கே தங்கிய மாவையும் சீனியையும் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லை அரிக்கின்றது.

இதிலே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பல்லின் மேற்பகுதியை எனாமல் என்னும் மிகக் கடினமான ஓடு மூடியிருக்கிறது. அவ்வோடு முரசுக்கருகே, பல்லின் கழுத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேர் தொடங்குகிறது. வேரின் மேற்படை எனாமலைப் போல வலிமையுடையதன்று. சரிந்து நிற்கும் ஞானப் பல் பெரும்பாலும் அயற் பல்லின் இக்கழுத்திலேதான் முட்டுகின்றது. கோட்டையின் மதில் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேயே பகைவன் நுழைகின்றான்.

அவ்வாறு விழும் சூத்தை வெளியே தெரிவதில்லை; கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாலும் புலப்படாது. தொடக்கத்தில் நோவும் இராது. பல்லின் உள்ளேயிருக்கும் நரம்பு வரைக்கும் அரிப்புச் சென்ற பின்னரே நோவு எழும். அப்பொழுது அடைப்பது எளிதன்று. சூத்தை பல்லின் பின்புறத்தில், முரசுக்குக் கீழே இருப்பதால், முதலில் ஞானப் பல்லை அகற்றினாலன்றி வைத்தியரின் கருவி அங்கே செல்ல மாட்டாது. அதன் பின்னரும் வேர்ச் சிகிச்சை தேவைப்படலாம். பல வேளைகளில் பல்லையே எடுத்துவிட நேரும். சின்னம்மாவுக்கு நேர்ந்தது இதுவே. நோகவில்லை என்பதைச் சுகம் என்று அவர் கொண்டார். அவர் மீது குற்றமில்லை, அது எல்லோரும் கொள்ளும் எண்ணமே.

இங்கிலாந்து கற்ற பாடம்

அப்படியாயின் எல்லோருடைய ஞானப் பற்களையும் இளமையிலேயே பிடுங்கிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். பல நாடுகளில் நெடுங்காலம் அவ்வாறே செய்தும் வந்தனர். அமெரிக்காவிலே ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 இலட்சம் பேரின் 1 கோடி ஞானப் பற்கள் அகற்றப்படுகின்றன என்று ஜே ஃப்ரீட்மன் என்னும் பல்வைத்தியர் 2007ஆம் ஆண்டில் மதிப்பிட்டு எழுதினார். இவற்றுள் பெரும்பாலானவை தேவையற்ற சத்திரசிகிச்சைகள் என்றும், இது பொதுமக்களின் சுகாதாரத்துக்கே ஒரு கேடு என்றும் அவர் கண்டித்தார்.

அவருக்கு முன்னரே இங்கிலாந்து இவ்விடயத்தில் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. எந்தச் சிகிச்சைக்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாம் என்பதை ஆராய்ந்து கூறுவதற்கென 1999ஆம் ஆண்டில் அங்கே நைஸ் என்னும் நிறுவகம் ஒன்று தொடங்கப்பெற்றது. சிகிச்சை முறைகளைப் பற்றி அது வெளியிட்ட தீர்ப்புக்களுள் முதலாவது, 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஞானப் பற்களைப் பற்றியே வந்தது. நோயெதுவும் இல்லாத, சிக்குண்ட ஞானப் பற்களை வருமுன் காத்தல் என்ற பெயரில் வழக்கமாக அகற்றுவதைத் தேசிய சுகாதார சேவை நிறுத்திவிட வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறு அகற்றுவதால் நன்மையுண்டு என்பதற்கு நம்பத்தக்க ஆராய்ச்சிச் சான்று இல்லை. சத்திரசிகிச்சையின் ஆபத்துக்களோ உண்மையானவை. அடைக்க முடியாத சூத்தை, சீழ்க்கட்டு, பல்லைச் சூழ்ந்த பை வீக்கம், அயற் பல்லின் தேய்வு முதலியன காணப்பட்டால் மட்டுமே எடுக்க வேண்டும் என்று அது வகுத்தது. முரசு வீங்கி நோவதுகூட, மிகக் கடுமையாயிருந்தாலன்றி, முதன்முறை வந்ததற்காக எடுக்க வேண்டியதில்லை. மீண்டும் வந்தால் யோசிக்கலாம் என்றது.

அறிவுக்குப் பொருத்தமான தீர்ப்பென்றே அன்று பலரும் கருதினர். ஆயின் பத்தாண்டுகள் சென்றபின் நிலைமை என்ன? 2012ஆம் ஆண்டில் பிரித்தானியப் பல்வைத்தியச் சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு அதனைக் காட்டிற்று. ஞானப் பல் அகற்றுவோரின் தொகை முதலில் குறைந்தது. பின்னர் ஏறி, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இருந்த அளவுக்கே திரும்பி வந்துவிட்டது. மாறியது வயது. 2000ஆம் ஆண்டில் சராசரி இருபத்தைந்து வயதினராக வந்தவர்கள், 2010ஆம் ஆண்டளவில் சராசரி முப்பத்திரண்டு வயதினராக வந்தனர். அவர்களைக் கொண்டுவந்த காரணங்களுள் சூத்தையின் பங்கும் கூடியிருந்தது. சுருங்கக் கூறின், பலருக்குச் சத்திரசிகிச்சை தவிர்க்கப்படவில்லை, தள்ளிப்போடப்பட்டதே நிகழ்ந்தது.

இங்கே மாணவர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வைத்தியசாலையில் எண்ணப்படுவோர் தொல்லைப்பட்டு வந்தவர்களே. பல்லை விட்டுவைத்து, ஒரு தொல்லையுமின்றி வீட்டிலிருப்போரை அங்கே எவரும் எண்ணுவதில்லை. ஆகவே, வந்தவர்களை மட்டும் பார்த்து, "எல்லோரும் இளமையிலேயே எடுத்திருக்க வேண்டும்" என்று முடிவு கட்டுவது தவறு. மழைநாளில் வைத்தியசாலை வாசலில் நின்றுகொண்டு, ஊரிலுள்ள எல்லோருக்கும் தடிமன் என்று சொல்வது போலாகும் அது.

ஆராய்ச்சி கூறுவது யாது?

எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் நெடுங்காலம் தொடர்ந்து பார்த்து ஒப்பிட்ட ஆராய்ச்சிகள் மிகச் சில. உலகெங்கும் நடக்கும் வைத்திய ஆராய்ச்சிகளைத் திரட்டி நிறுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு, 2020ஆம் ஆண்டில் இக்கேள்வியை மீண்டும் ஆராய்ந்தது. நோயில்லாத சிக்குண்ட ஞானப் பல்லை எடுக்க வேண்டும் என்று கூறவும், விட்டுவைக்க வேண்டும் என்று கூறவும் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. ஆயினும் விட்டுவைப்பதானால் குறித்த காலத்துக்கொருமுறை பல்லைப் பரிசோதித்து வருதல் தக்கது என்றும் அது கூறிற்று.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சார்ந்த ஆடவர் 416 பேரை மூன்று முதல் இருபத்தைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து பரிசோதித்த ஓர் ஆராய்ச்சியின் முடிவுகள் 2013ஆம் ஆண்டில் வெளியாயின. ஞானப் பல் இல்லாதவரோடு ஒப்பிடும்போது, அப்பல் முரசுக்குள் சிக்கியிருந்தவர்களின் அயற் பல்லுக்குச் சூத்தையோ எலும்புத் தேய்வோ வருதல் ஏறக்குறைய ஐந்து மடங்காயிருந்தது. எலும்புக்குள் சிக்கியிருந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். முழுவதும் முளைத்திருந்தால் ஒன்றே முக்கால் மடங்கு. இவர்கள் அனைவரும் ஆண்கள்; ஆதலின் பெண்களுக்கும் இதே அளவு என்று அப்படியே சொல்லிவிட முடியாது.

"ஐந்து மடங்கு" என்ற சொல் அச்சமூட்டக்கூடியது. ஆயின் மடங்கு என்பதைத் தனியே பார்த்தல் கூடாது. உதாரணமாக, நூற்றில் ஒருவருக்கு நேரும் ஒரு கேடு ஐந்து மடங்கானால் நூற்றில் ஐவருக்கு நேரும், தொண்ணூற்றைவர் தப்பிவிடுவர். நூற்றில் பத்துப் பேருக்கு நேரும் கேடாயின் ஐம்பது பேரை அது பிடித்துவிடும். எதன் ஐந்து மடங்கு என்று கேட்கப் பழகுதல் பல்லுக்கு மட்டுமன்றி, பத்திரிகையில் நாம் படிக்கும் எல்லா வைத்தியச் செய்திகளுக்கும் நல்லது.

இவ்வாராய்ச்சியிலிருந்து நாம் பெறும் பயன் வேறொன்று. ஞானப் பற்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. எலும்புக்குள் முழுவதும் மூடுண்டு கிடக்கும் பல்லை வாயின் கிருமிகள் அணுகுவது அரிது. நேராக முளைத்த பல்லைத் தூரிகையால் துலக்கலாம். இரண்டுங்கெட்டான் நிலையில், பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாய், முன்னோக்கிச் சரிந்து, அயற் பல்லைத் தொட்டுக்கொண்டு நிற்பதே நாம் அஞ்ச வேண்டிய பல்.

பிடுங்குவதிலும் ஆபத்துண்டு

இனி, மாமனாரின் சாட்சியத்தைப் பார்ப்போம். சிக்குண்ட ஞானப் பல்லை எடுப்பது, ஆடும் பல்லைப் பிடுங்குவது போன்றதன்று. அது ஒரு சத்திரசிகிச்சை. விறைக்கும் ஊசி போட்டு, முரசை வெட்டி விலக்கி, பல்லைச் சுற்றியுள்ள எலும்பைச் சிறிது குடைந்து, வேண்டுமாயின் பல்லையே துண்டு துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவர். இரண்டு மூன்று நாட்களுக்குக் கன்னம் வீங்கும். வாயைத் திறப்பது கடினமாகும். சிலருக்குச் சில நாட்களின் பின்னர், காயத்தை மூடியிருந்த இரத்தக்கட்டி நீங்கி, எலும்பு வெளிப்பட்டுக் கடும் நோவு உண்டாகும். புகைப்பவர்களுக்கு இது நேரும் வாய்ப்பு அதிகம்.

கீழ்த்தாடை எலும்பினுள் ஒரு குழாய் வழியாக நரம்பொன்று ஓடுகின்றது. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சியைத் தருவது அதுவே. ஞானப் பல்லின் வேர் சிலருக்கு இந்நரம்பை ஒட்டியிருக்கும். நாக்கின் உணர்ச்சிக்குரிய வேறொரு நரம்பும் அருகே செல்கின்றது. சத்திரசிகிச்சையில் இவை நசுங்கினால் விறைப்பு உண்டாகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது மறைந்துவிடும். நிலைத்துவிடுவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மாமனார் அக்குறைவான சிலருள் ஒருவர். நூற்றுக்கு ஒன்று என்பது பிறருக்குச் சிறிய எண். அவருக்கு அது முழுதாய் வந்த அனுபவம்.

வயதும் கணக்கிற் கொள்ளப்பட வேண்டியதே. இருபதுகளின் தொடக்கத்தில் சிலருக்கு வேர்கள் முழுவதும் வளர்ந்திரா, எலும்பும் இளகியிருக்கும், காயம் விரைவில் ஆறும். வயது செல்லச் செல்ல எலும்பு இறுகும், சத்திரசிகிச்சை கடினமாகும். எனவே எடுக்கத்தான் வேண்டும் என்று தெளிவாகத் தெரியும் பல்லை வீணே பத்தாண்டு தள்ளிப்போடுவதில் இலாபம் இல்லை. அதேவேளை, ஒருபோதும் தொல்லை தராதிருக்கக்கூடிய பல்லுக்காக இன்றே ஆபத்தை வலிந்து வாங்குவதிலும் இலாபம் இல்லை.

வேர் நரம்பை ஒட்டியிருக்கும்போது இக்காலத்தில் வேறொரு வழியும் உண்டு. பல்லின் தலையை மட்டும் வெட்டி நீக்கி, வேரை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவர். நரம்பு தப்பும், அயற் பல்லை முட்டிய பகுதியும் நீங்கும். பல்லிலே சூத்தை வேர்வரை சென்றிருந்தால் இது பொருந்தாது. தாடையின் உட்புறத்தை முப்பரிமாணமாகக் காட்டும் எக்ஸ்ரே கருவிகளும் இன்று உள்ளன. வேரும் நரம்பும் எவ்வளவு அண்மையில் உள்ளன என்பதை முன்கூட்டியே அறிய அவை உதவுகின்றன.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே களைந்துவிட வேண்டும். ஞானப் பல் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பற்கள் நெரிந்து கோணலாகின்றன என்பர். அதற்காகவே பிள்ளைகளின் ஞானப் பற்களை எடுப்பிக்கும் பெற்றோரும் உளர். இதனைப் பரிசோதித்து 1998ஆம் ஆண்டில் வெளிவந்த இங்கிலாந்து ஆராய்ச்சி, முன்பற்கள் நெரிவதைத் தடுப்பதற்கென்று ஞானப் பல்லை எடுப்பதை நியாயப்படுத்த முடியாது என்று கண்டது. அழகு கருதி எடுப்பதற்கு இக்காரணம் போதாது.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

ஆகவே, "ஞானப் பல்லைப் பிடுங்கலாமா?" என்பது தவறான கேள்வி. "இந்த ஞானப் பல், இந்த இடத்தில், இந்தச் சரிவில் நிற்பதனால், இந்த அயற் பல்லைக் கெடுக்குமா?" என்பதே சரியான கேள்வி. இங்கிலாந்தின் சத்திரவைத்தியர் கல்லூரியைச் சார்ந்த பல்வைத்தியப் பிரிவினர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வழியையே சார்ந்து நிற்கின்றது. இன்று நோயுண்டா, நாளை நோய்வரும் வாய்ப்பு எவ்வளவு, சத்திரசிகிச்சையின் ஆபத்து எவ்வளவு என்பவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிறுத்து, நோயாளியுடன் கலந்து முடிவு செய்யவேண்டும் என்கிறது அது.

பல்வைத்தியர் முன்னே உட்காரும்போது பெற்றோரும் பிள்ளைகளும் கூச்சமின்றிப் பின்வருவனவற்றைக் கேட்கலாம். ஒன்று: பல் எந்நிலையில் நிற்கிறது? நேராகவா, சரிந்தா, எலும்புக்குள்ளா, பாதி வெளியேயா? இரண்டு: அது அயற் பல்லைத் தொடுகிறதா? தொடுமாயின் எவ்விடத்தில்? மூன்று: அயற் பல்லின் பின்புறத்தில் சூத்தையின் சாயல் எதுவும் படத்தில் தெரிகிறதா? நான்கு: வேருக்கும் நரம்புக்கும் இடையே தூரம் எவ்வளவு? ஐந்து: விட்டுவைத்தால் எப்பொழுது மீண்டும் பார்க்க வேண்டும்? எக்ஸ்ரே படத்தை ஒளிக்கு எதிரே பிடித்துக் காட்டச் சொல்லுவதில் தவறில்லை. நல்ல வைத்தியர் கேள்விக்குச் சினப்பதில்லை.

எடுப்பது என்று முடிவானால், பரீட்சை, திருமணம், நெடும்பயணம் முதலியவற்றுக்கு முந்திய வாரத்தில் வைத்துக்கொள்ளாதிருத்தல் நன்று. சத்திரசிகிச்சை நாளில் வாயைக் கொப்பளித்தலும் காறித் துப்புதலும் ஆகா, இரத்தக்கட்டி கலைந்துவிடும். மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். சுருட்டும் சிகரெட்டும் புகையிலை சேர்ந்த வெற்றிலையும் அறவே கூடா.

விட்டுவைப்பது என்று முடிவானால், அதற்கும் கடமைகள் உண்டு. சிறிய தலையுள்ள தூரிகையால் கடைவாயின் கோடிவரை சென்று துலக்க வேண்டும். ஃபுளோரைட் சேர்ந்த பற்பசை நலம். உணவுக்கிடையே இனிப்பைக் குறைத்தல் அதனினும் நலம். பல்வைத்தியர் குறிக்கும் காலத்தில், நோவு இல்லாவிடினும் சென்று, வேண்டியபோது எக்ஸ்ரே படமும் பிடித்துப் பார்க்க வேண்டும். விட்டுவைத்தல் வேறு, மறந்துவிடுதல் வேறு. சின்னம்மா பல்லை விட்டுவைத்ததனால் மட்டும் இழக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் அதனை எவரும் எட்டிப் பார்க்காததனாலேயே இழந்தார்.

முடிவு

நாம் அறிந்தவற்றை எழுதி அவ்விளைஞனுக்கு அனுப்பினோம். தாயும் மகனுமாக மீண்டும் பல்வைத்தியரிடம் சென்று மேற்கூறிய கேள்விகளைக் கேட்டனர். இடப்பக்கத்துக் கீழ்ப் பல் பாதி முளைத்துச் சரிந்து அயற் பல்லின் கழுத்தில் முட்டி நிற்கின்றது; அவ்விடத்தில் சூத்தையின் தொடக்கமெனத் தகும் மெல்லிய நிழலொன்றும் தெரிகின்றது; வேரோ நரம்புக்குத் தொலைவில் உள்ளது. வலப்பக்கத்துப் பல் எலும்பினுள் முழுவதும் மூடுண்டு நரம்பை ஒட்டிக் கிடக்கின்றது. அயற் பல்லில் ஒரு பழுதும் இல்லை. மேற்பற்கள் இரண்டும் நேராக முளைத்துள்ளன, துலக்கவும் முடிகின்றது.

நான்கு பற்களுள் ஒன்றை மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று. விடுமுறைக்குள்ளேயே அது நிறைவேறியது. மூன்று நாள் கன்னம் வீங்கிக் கஞ்சி குடித்தான். பத்தாம் நாள் வழமைபோல் உண்டான். உதட்டில் விறைப்பு இல்லை என்பதை மாமனாரே தொட்டுத் தொட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டாராம்.

எஞ்சிய மூன்று பற்களையும் என்ன செய்வதாக உத்தேசம் என்று தொலைபேசியில் தாயாரைக் கேட்டோம். "அவை இருக்கட்டும். ஆனால் வருகிற ஆவணியில் திரும்பவும் காட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சின்னம்மாவின் மகளையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறோம், அவளுக்கும் பதினெட்டு ஆகிறது" என்றார்.

நோகாத பல்லையும் நோக்க வேண்டும் என்பதை அவ்வீட்டார் அறிந்துகொண்டனர். நம் வாசகர் வீடுகளிலும் கலண்டரின் பின்பக்கத்தில் அத்தகைய குறிப்பொன்று ஏறுமாயின் எமது முயற்சி பயனுடையதாகும்.